ராமாயி கொண்டுவந்து கொடுத்த மூட்டை

1

படிப்பகத்துத் தம்பிகளுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் ஸ்பேனர்தான். கடிதம் எழுதினால்கூட என் மனைவி ஒரு தடவை பார்த்த பிறகுதான் ஒட்டுவேன். எந்த ‘ர’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். உங்களுடையது ஊர் கூடியதும் படித்துக் காட்டும் கையெழுத்துப் பத்திரிகை என்பதால், உங்களில் ஒருவர் இதைப் பார்த்து அழகாகத் திருப்பி எழுதித்தான் சேர்ப்பீர்கள். அப்போது எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம். மரியாதைக் குறைச்சலாக இருக்கிறதே என்று எந்த வரியையும் விட்டுவிடவும் வேண்டாம்.

போன லீவில் வந்தபோது, “மஸ்கட்டைப் பத்தி எழுதுங்க மாமா, நம்மூரு மாப்பளை நீங்க எழுதாட்டி வேற ஆரு எழுதுவாங்க” என்று கேட்டீர்கள். நானும் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எனக்குத் தலையாட்டத்தான் தெரியும். இரண்டு தடவை உட்கார்ந்தேன். மலை, மணல், பளபளவென்று ரோடு, கப்பல் மாதிரி கார் என்று எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கத்தில் நின்றுவிட்டது.

இப்போது எழுதுவது மஸ்கட்டில் ஆரம்பித்தாலும் உங்கள் ஊரில் நடந்தது. அப்போது உங்களில் பாதிப் பேர் டவுசர் போட்டுக்கொண்டு திரிந்திருப்பீர்கள். இருந்தாலும் விஷயம் உங்களுக்குத் தெரியும். தப்பாகத் தெரியும்.

2

இங்கே நான் ஒரு லாரிக் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். வந்து எட்டு வருஷம் ஆகிறது. என் படிப்புக்குக் குடும்பத்தைக் கூட்டி வர விசா தர மாட்டார்கள். எங்கள் முதலாளி அரபிக்காரர். தானே ஆபீஸ் ஆபீஸாக ஏறி வாங்கிக் கொடுத்தார். அதனால் நாலு வருஷமாக என் மனைவி பழனியம்மாளும் மகள் செல்வியும் என்னோடு மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் இருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. செல்வி ஏழாவது படிக்கிறாள்.

இந்த வருஷம் பழனியம்மாள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் பேர் பதிய நாலு பாரம் கொடுத்தார்கள். பாஸ்போர்ட் நகல், விசா நகல், லேபர் கார்டு நகல், போட்டோ. கவுண்டரில் இருந்தவர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு ஹிந்தியில் “மகளுக்கா?” என்றார். செல்விதான் ஹிந்தியில் பதில் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கே ஒரு மலையாளி நர்சம்மா ஒரு தாள் கொடுத்தார். குழந்தைக்கு என்னென்ன வாங்கித் தயாராக வைக்க வேண்டும் என்ற பட்டியல். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ். அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். செல்வி படிக்கப் படிக்க நான் என் நோட்டில் எழுதினேன். கட்டில் நாற்பது ரியால். டயபர் மாதத்துக்குப் பன்னிரண்டு ரியால். பால் புட்டி ஆறு, புட்டி கொதிக்க வைக்கும் பாத்திரம், குளிப்பாட்டும் தொட்டி, பவுடர், எண்ணெய், காரில் வைக்கும் சீட்டு.

“நம்ம கிட்ட கார் இல்லையே சாமி” என்றேன்.

“அப்போ அது வேண்டா. பாக்கி இத்ரயும் வாங்கியா மதி அப்பா” என்றாள்.

அவளுக்கு ‘போதும்’ என்பது ‘மதி’ ஆகி மூன்று வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டு மலையாளிப் பிள்ளைகளோடு சேர்ந்து வந்த பேச்சு. நான் ‘ஊடு’ என்றால் சிரிக்கிறாள். தமிழ் பேசுகிறாள், எழுத்துத் தெரியாது. அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லை. இதை நான் அவள் எதிரில் வைத்து எழுதினாலும் அவளால் படிக்க முடியாது.

கூட்டிப் பார்த்தேன். என் ஒரு மாதச் சம்பளம் தாண்டியது. எதை அடிப்பது என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். அப்போது பழனியம்மாள் சொன்னாள்.

“இதெல்லாம் இருக்கட்டுமுங்க. பழந்துணிக்கு என்ன பண்றது?”

“அய்யே, பழைய துணியா?” என்றாள் செல்வி.

“பச்சைப் புள்ளைக்குப் புதுத் துணி போடக் கூடாது சாமி. தொவைச்சுத் தொவைச்சு நைஞ்சு போன வேட்டி, சேலைதான் ஆகும். ஒடம்புல பட்டாலே தெரியக் கூடாது. இந்த ஊர்ல அதுக்கு எங்க போறது, எல்லாரும் பேண்ட்டு, எல்லாம் பாலியெஸ்டரு. உங்க அக்காளுக்கு எழுதுங்க. ஆராச்சும் லீவுக்குப் போனாங்கன்னா குடுத்துவுடட்டும்.”

அக்காள் என்று அவள் சொன்னது அவளுடைய அண்ணன் மனைவியை. உங்களுக்குச் செல்லம்மாள் என்று சொன்னால் தெரியும்.

“எனக்கு என்ன வாங்கினீங்க?” என்று செல்வி கேட்டாள். “நான் பொறக்கும்போ?”

நான் நோட்டைப் பார்த்தேன். பழனியம்மாள்தான் சொன்னாள். “உனக்கு நாப்பது துணி சேத்து வெச்சிருந்தேன் சாமி. மூட்டையோட போயிருச்சு. ராமாயின்னு ஒருத்தி, ஏச்சுப்புட்டா.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்கிற மாதிரி சொன்னாள். நான் எழுந்து போய் ஏ.சி. சத்தம் போடுகிறது என்று அதன் மூடியைக் கழற்ற ஆரம்பித்தேன். அது ஒன்றும் சத்தம் போடவில்லை.

3

எழுபத்தைந்தாம் வருஷம் நான் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். வாரத்துக்கு நாற்பது ரூபாய். தனி அறை. பழனியம்மாள் தலைப்பிரசவத்துக்கு உங்கள் ஊருக்கு வந்திருந்தாள். என் மாமியார் அதற்கு இரண்டு வருஷம் முன்பே இறந்துவிட்டதால் அண்ணன் வீடுதான் அவளுக்குத் தாய் வீடு. தலைப்பிரசவச் செலவு பெண் வீட்டாருடையது என்பது வழக்கம். ஆனால் அந்த வருஷம் மச்சானுக்குக் காட்டில் கடலை சரியாக வரவில்லை. அதனால், “செலவெல்லாம் என்னோடதுங்க, நீங்க இடம் குடுத்தாப் போதும்” என்று நான் சொல்லிவிட்டேன். சொன்னதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையையும் இங்கே எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த காரியத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

தினக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல் போட்டேன். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், கருப்பட்டி, சுக்கு, திப்பிலி, வசம்பு, பெருங்காயம். பால் புகட்டப் பாலாடை, இரண்டு ரூபாய். தூளிக்குக் கயிறு. மருத்துவச்சிக்கு ஒரு தொகை. ஆட்டையாம்பட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் டாக்சி வைக்க வேண்டி வந்தால் அதற்கு ஒரு தொகை. வாரா வாரம் கொஞ்சம் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொண்டு வந்து கொடுப்பேன். வாங்கியதை அடித்துவிடுவேன்.

அந்தப் பட்டியலில் துணி என்று ஒரு வரி கிடையாது. குழந்தைக்குத் துணி வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. நான் அக்கா தங்கை இல்லாமல் வளர்ந்தவன். அதெல்லாம் பெண்கள் பேசிக்கொள்கிற விஷயம், ஆண்பிள்ளை காதில் விழாது. பழனியம்மாள் மூன்றாம் மாதத்திலிருந்தே பிள்ளைகள் நல்லபடியாக நின்று வளர்ந்த ஒன்பது வீடுகளில் கேட்டுப் பழைய வேட்டி சேலை வாங்கிச் சேர்த்தது எனக்குத் தெரியாது. அதைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெளுக்கிற ராமாயியிடம் கொடுத்ததும், ராமாயி காசு வாங்காமல் இரண்டு தடவை வெள்ளாவி வைத்துக் கொடுத்ததும் பிறகு தெரிந்தவைதான்.

ஒரு சனிக்கிழமை எங்கள் பட்டறை மேஸ்திரி எல்லோரையும் கூப்பிட்டார். கிரீஸ் துடைக்க மில்லிலிருந்து வாங்கும் வேஸ்ட் நூல் விலை ஏறிவிட்டதாம். “திங்கக்கிழமை ஆளுக்கொரு கட்டு பழந்துணி ஊட்டுலருந்து கொண்டாந்துருங்க. கொண்டாராதவனுக்குக் கூலியில ரெண்டு ரூபா பிடிச்சுக்குவேன்” என்றார்.

என் அறையில் பழந்துணி ஏது. எனக்கு இருந்ததே இரண்டு வேட்டி. இரண்டு ரூபாய் என்றதும் எனக்குப் பட்டியலில் அடிக்காமல் இருந்த பாலாடைதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஞாயிறு. உங்கள் ஊருக்கு வந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளி அறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தேன். மச்சானும் அக்காளும் காட்டில் இருந்தார்கள். பழனியம்மாள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். ராமாயி வந்தார். தலையில் பெரிய மூட்டை, இடுப்பில் சின்ன மூட்டை. சின்னதைப் பரண்மேல் வைத்தார்.

“வெச்சிருக்கறனுங்க சாமி. ஆத்தா வந்தாச் சொல்லீருங்க” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் போனார். ஆத்தா என்று அவர் சொன்ன அக்காள் காட்டிலிருந்து வந்தபோது நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். அது பெரிய விஷயம் என்று எனக்குப் படவில்லை.

திங்கட்கிழமை விடியலில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பரணில் அந்த மூட்டை இருந்தது. பழைய சாக்குத் துணியில் கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். பழைய வேட்டித் துண்டுகள், கிழித்துக் கிழித்து மடித்து, பட்டறைக்கென்றே யாரோ தயார் பண்ணி வைத்த மாதிரி. ராமாயி வைத்ததுதான் என்று தெரியும். இருந்தாலும் வீட்டுக்குள் வைக்காமல் வெளி அறைப் பரணில் போட்டிருந்தால் அது கழித்த துணிதான் என்று நினைத்து எடுத்துக்கொண்டேன். பிரசவத்துக்கு அந்த வெளி அறையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அக்காள் அப்போது மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். பத்தடி தூரம். “அக்கா, இந்தப் பழந்துணிய எடுத்துக்கட்டுங்களா” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செலவெல்லாம் என்னுடையது என்று சொன்ன மாப்பிள்ளை, மாமியார் வீட்டில் கந்தல் கேட்பதா? வெட்கமாக இருந்தது. மூட்டையைப் பைக்குள் அமுக்கிக்கொண்டு, “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பட்டறையில் மேஸ்திரி ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “எங்கய்யா பிடிச்சே இதை? பூவாட்டம் இருக்குது” என்றார். என் துணியைத்தான் எல்லோரும் கேட்டு வாங்கினார்கள். ஆக்சில் துடைத்தோம், கியர் பாக்ஸ் துடைத்தோம். அந்த வாரம் முழுக்க வந்தது. சனிக்கிழமை கறுத்துப்போன துணியையெல்லாம் பின்பக்கம் குவித்து எண்ணெயோடு எரித்தார்கள். எனக்கு இரண்டு ரூபாய் மிச்சம். அதில் பாலாடை வாங்கினேன்.

4

அடுத்த ஞாயிறு பாலாடையைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நடுவில் ராமாயி. பழனியம்மாள் நிலைப்படியில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“நாப்பது துணி” என்று அக்காள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். “ஒம்பது ஊட்டுல கையேந்தி வாங்கிச் சேத்துது இந்தப் புள்ளை. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கறப்போ, கொண்டாந்து குடுத்துட்டேங்கறா. எங்க குடுத்தே? ஆருகிட்டக் குடுத்தே?”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எப்படிச் சொல்வது. கையில் பாலாடை.

ராமாயிக்கு என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. “இதா, மாப்பளைச் சாமி வந்துட்டாங்க. அவிங்களையே கேளுங்க. கட்டல்ல படுத்திருந்தாங்க. அவிங்களைப் பாத்துச் சொல்லித்தான் பரண் மேல வெச்சேன். தலையாட்டுனாங்க.”

மச்சான் என் பக்கம் திரும்பினார். “ஏனுங் மாப்ள, பாத்தீங்களா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் எடுத்தேன், பட்டறையில் கிரீஸ் துடைத்தேன் என்று சொல்ல வேண்டும். என் பிள்ளையின் துணியில். திருட்டுத்தனமாக, விடியலில், கேட்காமல். சொன்னால் சிரிப்பார்கள். ‘கந்தல் மாப்பிள்ளை’ என்று பேர் வைப்பார்கள். உங்கள் ஊரில் பேர் வைத்தால் போகாது என்று எனக்குத் தெரியும்.

“நான் கவனிக்கலீங்க. தூங்கியிருப்பேன்” என்றேன்.

கூட்டத்தில் ஒருவர், “ஏம்புள்ள ராமாயி, அத்தனை துணியையும் உன் பேத்திக்குப் பாவாடையாத் தெச்சுப் போட்டயா?” என்றார். சிரித்தார்கள். என்மேல் விழ வேண்டிய சிரிப்பு.

ராமாயி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் எடுத்தேன் என்பது தெரிந்திருக்காது. நான் பொய் சொல்கிறேன் என்பது தெரிந்திருக்கும். அவர் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் மாப்பிள்ளையைப் பொய்யன் என்று சொன்னதாகிவிடும். அந்தக் காலத்தில் ஊருக்கு வெளுக்கிற அவரால் அதை அந்த வாசலில் நின்று சொல்ல முடியாது. நான் அதைத் தெரிந்துதான் சொன்னேனோ என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

“சரீங்க சாமி” என்றார். “புள்ளை நல்லா இருக்கட்டுமுங்க.” போய்விட்டார்.

5

செல்வி அடுத்த புதன்கிழமை பிறந்தாள். துணி இல்லை. அவசரத்துக்கு இரண்டு பழைய சேலை கிடைத்தது, மற்றதற்கு ஆட்டையாம்பட்டிக் கடையில் புது மல் துணி வாங்கினேன். பதினெட்டு ரூபாய். டாக்சிக்கு வைத்திருந்த பணம். எத்தனை அலசினாலும் அதில் கஞ்சி போகவில்லை. குழந்தை உடம்பெல்லாம் சிவந்துபோய் ஒரு வாரம் கத்தினாள். “புதுத் துணி போட்டா அப்பிடித்தான் ஆகும். அந்தப் பாவி” என்று அக்காள் ராமாயியைத் திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் தடவினார். நான் பக்கத்தில் நின்று எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிரசவத் தீட்டுத் துணி வெளுத்துக் கொடுப்பவருக்குத் தீட்டுக் கழிக்கும் நாளில் சேலையும் அரிசியும் எண்ணெயும் கொடுப்பது வழக்கம். அது ராமாயிக்குப் போகவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வேறு ஆள் வந்தார். வருஷம் முழுக்க வெளுப்பதற்குக் கூலியாக மச்சான் களத்தில் ராமாயிக்கு அளக்கிற சோளமும் அந்த வருஷம் நின்றது. மச்சான் நிறுத்தியதும் மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். ‘மூட்டை ராமாயி’ என்று பேர் விழுந்தது. தம்பிகளே, நீங்களும் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டிருப்பீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் களை வெட்டப் போவதைப் பார்த்திருக்கிறேன். எதிரில் வந்தால் ஒதுங்கி நின்று, “வந்தீங்களா சாமி” என்பார். நான் தலையை ஆட்டுவேன். மூன்று நாலு வருஷம் இப்படி. பிறகு மஸ்கட் வேலை வந்தது. பணத்துக்காகத்தான் வந்தேன். ஆனால் விமானத்தில் ஏறியபோது மனசின் ஒரு ஓரத்தில், இனி வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்த ‘வந்தீங்களா சாமி’ என்று ஒரு நிம்மதி இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

6

அக்காளுக்குக் கடிதம் போட்டோம். தீபாவளி கழித்து ராசிபுரத்து டிரைவர் ஒருவர் லீவு முடிந்து திரும்பினார். அவர் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மூட்டையும் கடிதமும் கொண்டு வந்து கொடுத்தார். இங்கே ஏர்போர்ட்டில் மூட்டையை அவிழ்த்து, இத்தனை பழந்துணி எதற்கு என்று அரை மணி நேரம் கேட்டார்களாம். “குழந்தைக்குன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க அண்ணா” என்று சிரித்தார்.

பழனியம்மாள் கடிதத்தை உரக்கப் படித்தாள். அக்காள் சொல்லச் சொல்ல அவர் மகன் எழுதியது.

“இந்தத் தடவை நானே சீயக்காய் போட்டு அலசிக் காய வைத்தேன். மூட்டை ராமாயி கையில் கொடுக்கவில்லை. துணி கிழிக்கும்போது பார்த்துவிட்டு, ஆருக்குங்க என்றாள். பழனியம்மாளுக்கு என்றேன். நான் வெளுத்துத் தாரனுங்க, காசு வேண்டாமுங்க, போன தடவைதான் அப்படி ஆகிப்போச்சு என்று வந்து நின்றாள். முகத்தில் அடித்தாப்போலச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு தடவை ஏமாந்தது போதும்.”

“கெழவிக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பழனியம்மாள் மேலே படித்தாள். அதற்கு மேல் அவள் படித்தது என் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை. மத்தியானம் செல்வி பக்கத்து வீட்டுக்கு டி.வி. பார்க்கப் போனாள். பழனியம்மாள் மூட்டையைப் பிரித்து மடியில் ஒவ்வொரு துணியாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பழனி, அன்னைக்கு அந்த மூட்டைய ராமாயி ஏய்க்கல” என்றேன்.

“அப்பறம் ஆரு?”

“நான்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்தாள். நான் விளையாடுகிறவன் இல்லை என்பது பிறகு ஞாபகம் வந்தது போல.

“எதுக்குங்க?”

“வண்டி தொடைக்க.”

மடியிலிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு, “நாப்பதுமா?” என்றாள்.

“நாப்பதும்.”

எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரி, இரண்டு ரூபாய், பாலாடை, வாசலில் நான் சொன்ன பொய். சொல்லி முடித்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அன்னைக்கே சொல்லியிருந்தா என்னங்க ஆயிருக்கும்? எங்கண்ணன் சிரிச்சிருப்பாரு. ஊர் ஒரு மாசம் சிரிச்சிருக்கும். அவ்வளவுதான?”

“சிரிப்பாங்கன்னுதான்” என்றேன்.

“உங்க சிரிப்புக்கு அவ பன்னெண்டு வருஷமாக் களை வெட்டறா. நானும் அவளைத் திட்டித் திட்டியே புள்ளை வளத்துருக்கறேன். எம் புள்ளைகிட்டயும் அவளைத் திருடின்னு சொல்லி வெச்சிருக்கறேன்.”

“மன்னிச்சுக்கோ.”

“எங்கிட்டக் கேட்டு என்ன பண்றதுங்க? கேக்க வேண்டியவ அங்க இருக்கறா.”

“அவங்களுக்குப் படிக்கத் தெரியாதே.”

“ஊருக்கு முன்னால வெச்சுத்தானே அவ பேரைக் கெடுத்தீங்க. ஊருக்கு முன்னால படிக்கற எடத்துக்கு எழுதுங்க.”

சொல்லிவிட்டு, அடுக்கிய துணிகளைத் திரும்ப மூட்டையில் வைத்துக் கட்டி, பீரோவுக்கு மேலே ஏற்றினாள். “அந்தக் காயிதம் போஸ்ட்டுல போற வரைக்கும் இதப் பிரிக்க மாட்டேன். அதுக்குள்ள புள்ளை பொறந்தாலும் சரி” என்றாள். இந்த மாதக் கடைசியில்தான் டாக்டர் நாள் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு இன்றோடு மூன்று வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுதி, நாலு வரியில் கிழித்துப் போட்டேன். பழனியம்மாள் ஒன்றும் கேட்பதில்லை. சமைக்கிறாள், பேசுகிறாள். பீரோவைப் பார்க்கும்போது மட்டும் என்னைப் பார்ப்பதில்லை. செல்விக்கும் சொல்லிவிட்டோம். “அப்போ அந்த பாட்டி திருடலையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அவங்களுக்குத் தெரியுமா, நாம கண்டுபிடிச்சாச்சுன்னு?” என்றாள். கண்டுபிடித்தது என்ன இருக்கிறது. நான் என்றைக்குமே தெரிந்தவன்தானே.

பட்டியலில் கட்டிலை அடித்துவிட்டோம். தூளி போதும். அந்த நாற்பது ரியாலையும் மச்சான் பேருக்கு டிராப்ட் எடுத்து இதோடு அனுப்புகிறேன். அன்றைக்குத் தீட்டுக் கழித்தபோது ராமாயிக்குச் சேர வேண்டிய சேலையும் அரிசியும் எண்ணெயும் வாங்கி, மச்சானும் அக்காளும் அவர் வீட்டுக்குப் போய்க் கொடுக்க வேண்டும். இதனால் எதுவும் நேராகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. களத்தில் அளக்காமல் விட்ட சோளம் எவ்வளவு என்பது மச்சானுக்குத் தெரியும். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அக்காள் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும். அவர் பேசியதெல்லாம் என் பொய்யை நம்பிப் பேசியது.

தம்பிகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கிற அன்றைக்கு ராமாயியைப் படிப்பகத்துக்கு வரச் சொல்லுங்கள். வெளியே நிற்க விடாதீர்கள், உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போடுங்கள். அவர் வர மாட்டேன் என்றால் அவர் வாசலுக்குப் போய்ப் படியுங்கள். எதிர்த்த குழாயில் குடம் வைத்துக் காத்திருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படியுங்கள். என்னை நினைத்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பேர் வைத்தாலும் வைக்கட்டும். அடுத்த லீவில் வரும்போது அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறேன்.

மச்சான் அன்றைக்கு என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாங்க, பார்த்தேன். நான் தூங்கவில்லை. ராமாயி மூட்டையைக் கொண்டுவந்தார். என்னிடம் சொல்லிவிட்டுப் பரண்மேல் வைத்தார். நான் தலையாட்டினேன். மறுநாள் விடியலில் நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

ரூவி, மஸ்கட்
20-11-1987, வெள்ளிக்கிழமை